காந்தப்புலத்திற்கு ஓர் எண்

ஒன்பதாம் வகுப்பில் இரும்புத்தூளைத் தூவிக் காந்தப்புலத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். "சார், இந்தக் காந்தத்துக்கு எவ்வளவு பலம்னு எண்ணுல சொல்ல முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரும்புத்தூள் புலத்தின் வடிவத்தைக் காட்டும், அளவைச் சொல்லாது. அடுத்த வாரம் ஹால் உணரியுடன் வகுப்புக்குச் சென்றேன்.

தத்துவம்: மின்னோட்டம் பாயும் மெல்லிய தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமைந்தால், மின்னூட்டங்கள் ஓர் ஓரமாகத் தள்ளப்படும். இரு ஓரங்களுக்கிடையே சிறிய மின்னழுத்தம் தோன்றும். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் இதைக் கண்டறிந்தார்.

தேவையானவை: எஸ்எஸ்49இ உணரி, 1.5 வோல்ட் பேட்டரி மூன்று, மல்டிமீட்டர், சிறு வட்டக் காந்தம், அளவுகோல். அதே தோற்றத்தில் மூன்று கால்களுடன் கிடைக்கும் ஏ3144 வெறும் சுவிட்ச் வகை, அளப்பதற்கு உதவாது.

செய்முறை: எழுத்துள்ள முகம் நம்மை நோக்கியிருக்க, இடது காலைப் பேட்டரித் தொடரின் நேர்முனையிலும் நடுக்காலை எதிர்முனையிலும் இணைக்கவும். வலது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைக்கவும்.

காந்தம் அருகில் இல்லாதபோது 2.5 வோல்ட் வரும் என்று நான் முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஐந்து குழுக்கள் 2.5 என்றே எழுதின. கேள்வி கேட்ட மாணவியின் குழு மட்டும் 2.38 என்று எழுதியது. "சரியா பாருங்க" என்று கடிந்துகொண்டேன். மீண்டும் பார்த்தார்கள், அதே 2.38. பேட்டரித் தொடரை அளந்தேன்: 4.76 வோல்ட். காந்தம் இல்லாதபோது இந்த உணரி தரும் மின்னழுத்தம், கொடுக்கும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி. நான் எழுதிய 2.5, ஐந்து வோல்ட்டுக்கு உரியது. அளந்தவர்கள் ஒரு குழுவினர். மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதியவர்கள். வகுப்பின் முன்னே அதை ஒப்புக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் அளந்தனர். காந்தம் 2 செ.மீ. தொலைவில் இருந்தபோது அளவீடு 0.14 வோல்ட் மாறியது. ஒரு காஸுக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட் என்பதால், புலம் ஏறத்தாழ 100 காஸ், அதாவது 0.01 டெஸ்லா. 4 செ.மீ.க்கு நகர்த்தியதும் மாற்றம் 0.02 வோல்ட்டாகச் சுருங்கியது. தொலைவு இரட்டித்தால் புலம் பாதியாகும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் வியந்தனர். காந்தத்தைத் திருப்பியபோது அளவீடு எதிர்த்திசையில் மாறியது.

இந்தச் செயல்பாட்டைச் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்கள் அளந்து முடிக்கும்வரை கரும்பலகையில் விடையை எழுதாதீர்கள்.