எக்ஸ்டெண்டட் வாரண்டி: கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு

புது கார் எடுக்கும்போது, "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா சார்?"னு ஷோரூம்ல கேப்பாங்க. தலையாட்டுறதுக்கு முன்னாடி, இந்த காரை எத்தனை வருஷம் வச்சிருப்பீங்கன்னு முடிவு பண்ணுங்க.

உதாரணத்துக்கு, 10 லட்ச ரூபாய் காரை 5 வருஷத்துல 5 லட்சத்துக்கு வித்தா, வருஷத்துக்கு 1 லட்சம் போச்சு. அதையே 10 வருஷம் ஓட்டி 2 லட்சத்துக்கு வித்தா, 80,000 தான். வருஷா வருஷம் மிச்சமாகும் 20,000 ரூபாய்தான் உங்க ரிப்பேர் பட்ஜெட்.

கம்பெனி வாரண்டி முடியறதுக்குள்ள விக்கப்போறீங்களா? எக்ஸ்டெண்டட் வாரண்டியால உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. ரொம்ப வருஷம் ஓட்டுவீங்களா? இன்ஜின், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய செலவு வந்தா கைகொடுக்கும். ஆனா டயர், பிரேக் பேட் தேய்மானம் பொதுவா அதுல வராது. சர்வீஸைத் தவறவிட்டா கிளைமும் சிக்கலாகும்.

இஎம்ஐ முடிஞ்சதும் அடுத்த காரைத் தேடாதீங்க. கடன் இல்லாம ஓடுற வருஷங்கள்லதான் உங்க சேமிப்பு வளரும்.