இறந்த வளர்ப்புக் கோழிகளை அகற்றும் முறை

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் நான்கு கோழிகளை வளர்ப்பவரும் சட்டத்தின் பார்வையில் கால்நடை வளர்ப்பவரே ஆவார். இறந்த நாயையோ பூனையையோ சொந்த நிலத்தில் புதைக்கச் சட்டம் இடமளிக்கிறது. கோழி, வாத்து, ஆடு, பன்றி ஆகியவற்றுக்கு, அவை செல்லமாக வளர்க்கப்பட்டாலும், அந்த அனுமதி இல்லை. அவற்றைப் புதைத்தல், திறந்த வெளியில் எரித்தல், குப்பைத் தொட்டியில் இடுதல் ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன. ஊரில் வளவின் ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்துப் பழகியோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இத்தடைக்குக் காரணம் உண்டு. புதைத்த உடலை நரி தோண்டி எடுக்கும். நோய்க்கிருமிகள் நிலத்தடி நீரிலும் கலக்கக்கூடும். பறவைக் காய்ச்சல் வைரசு குளிர்ந்த, ஈரமான இடங்களில் பல வாரங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

நோயின் அறிகுறி ஏதுமின்றிக் கோழி இறந்தால்:

1. கையுறை அணிந்து உடலை எடுத்து, கசிவில்லாத மூடிய கொள்கலனில் வைக்க வேண்டும்.
2. பிற பறவைகளும் விலங்குகளும் அதனை அணுகாமல் காக்க வேண்டும்.
3. கால்நடை மருத்துவர் மூலமோ அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர் மூலமோ தாமதமின்றி அகற்ற வேண்டும். செலவு உரிமையாளரைச் சாரும்.
4. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, காலணிகளையும் கூட்டையும் தொற்றுநீக்க வேண்டும்.

பல பறவைகள் திடீரென இறத்தல், தலை வீங்குதல், கொண்டை நீலநிறமாதல், மூச்சுத்திணறல், முட்டை குறைதல் ஆகியவை பறவைக் காய்ச்சலின் அறிகுறிகளாகும். அப்போது உடல்களை வெளியே கொண்டுசெல்லலாகாது. 03000 200 301 என்னும் எண்ணில் விலங்கு, தாவரச் சுகாதார முகமைக்கு உடனே அறிவித்தல் சட்டக் கடமையாகும்.

எஞ்சிய பறவைகளும் கொல்லப்படுமோ என்னும் அச்சத்தால் சிலர் நோயை மறைக்க எண்ணக்கூடும். மறைப்பதால் இழப்பே மிகும். அரசு கொல்ல ஆணையிடும் நலமான பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. நோயுற்று ஏற்கனவே இறந்தவற்றுக்கு இல்லை. எனவே முன்கூட்டியே அறிவிப்பவர் தம்மையும் அயலவரின் பறவைகளையும் காக்கிறார்.

1 அக்டோபர் 2024 முதல் ஒரேயொரு கோழியை வளர்ப்பவரும் அம்முகமையில் பதிவுசெய்தல் கட்டாயமாகும். அயலில் நோய் பரவினால் எச்சரிக்கை உரியவரை விரைந்து சென்றடைய இப்பதிவே வழிசெய்கிறது.