சினைமீன் கணக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அய்யலூர்த் தோட்டத்துக் கிணற்றில் கொசுப்புழுவைத் தின்பதற்காக விட்டிருக்கும் கம்பூசியா மீன், கெண்டையைப் போலன்றி, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுவது ஏன் என்று கேட்டிருந்தாய். 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்த, அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட அம்மீனின் பெட்டையைக் கண்ணாடிக் குவளையிலிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயானால், அடிவயிற்றின் பின்புறத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தென்படும்; சினை முதிர முதிர அது அகலும்; ஏறக்குறைய நான்கு வாரத்தில் சுருண்டபடியே வெளிவரும் குஞ்சு மறுகணம் நிமிர்ந்து நீந்திவிடும். வெளியே கிடக்கும் முட்டையை எதுவும் தின்னும். தாய் வயிற்றிலிருப்பதைத் தின்னத் தாயையே பிடித்தாக வேண்டும்.

ஆனால் வயிறு சிறிது. நம் வியாழக்கிழமைச் சந்தையில் சினையாட்டுக்கு விலை பேசுகிறவரைக் கேள். ஒற்றைக் குட்டி பருத்திருக்கும், இரட்டை இளைத்திருக்கும் என்பார். பலவா, பெரிதா என்னும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது, விந்தையாக, தின்ன வரும் சத்துருவே!

டிரினிடாட் தீவின் மலையோடைகளில் வாழும் கப்பி மீன் இதற்குச் சாட்சி. அருவிக்குக் கீழே, வளர்ந்த கப்பியை விழுங்கும் பெருமீன்கள் உள்ள மடுக்களில், அது இளமையிலேயே பருவமெய்திச் சிறு குஞ்சுகளை மிகுதியாக ஈனுகிறது. அப்பெருமீன்கள் ஏற முடியாத மேலோடையிலோ, தாமதித்துப் பருவமெய்திச் சில பெருங்குஞ்சுகளையே ஈனுகிறது. 1976-இல் ஜான் எண்ட்லர் கீழ்மடுக் கப்பிகளைக் கப்பியே இல்லாத மேலோடையொன்றில் கொண்டு விட, பதினோராண்டுகளில், அதாவது முப்பது முதல் அறுபது தலைமுறைகளுக்குள், அவற்றின் சந்ததி மேலோடை இயல்புக்கு மாறிப்போனதை அவரும் டேவிட் ரெஸ்னிக்கும் 1990-இல் எழுதினார்கள். பேரக்குஞ்சுகளை ஆய்வுக்கூடத்தில் ஒரே விதமாக வளர்த்தபோதும் வேற்றுமை நீடித்தது; ஆகவே அது தீனியின் விளைவன்று, பரம்பரையில் ஊறியது. பரிணாமம் என்றால் யுகக்கணக்கு என்று நினைத்திருப்போர்க்கு இது நல்ல பாடம்.

வேனில் விடுமுறையில் வரும்போது சினைமீன்களைக் குவளையிலிட்டுப் பார். குஞ்சுகளை எண்ணிக் குறித்துக்கொள். பார்த்தபின் கிணற்றிலேயே விடு. கொக்கும் விராலும் உள்ள குளத்தில் எப்படி மாறும் என்று சோதிக்கும் ஆசையில் அங்கே மட்டும் விட்டுவிடாதே. ஆணிடம் முன்பே பெற்ற விந்தைத் தேக்கிவைத்து மாதக்கணக்கில் ஈனவல்ல அம்மீனில் பெட்டை ஒன்றே போதும், குளம் முழுவதும் பெருக. நம் நாட்டு மீன்களின் முட்டையும் குஞ்சும் தவளையின் தலைப்பிரட்டையும் அதற்கு இரை.

இப்படிக்கு,
உன் மாமன்