மேஸ்திரியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பீரோவைத் திற!

பழைய வீட்டைப் புதுப்பிக்கணும்னு முடிவு பண்ணிட்டே. நல்லது தங்கச்சி. ஹாலுக்கு என்ன டைல்ஸ், கிச்சனுக்கு என்ன கலர்னுதான் முதல் கேள்வியா கேட்கிறே. ரெண்டுக்கும் அவசரமே இல்லை. முதல்ல பீரோவைத் திறந்து, உள்ளே இருக்கிறதை எல்லாம் கட்டில்ல கொட்டு.

வீட்டு வேலையில துணிமணி எல்லாருக்கும் கடைசியாதான் ஞாபகம் வரும். ஆனா தினமும் காலையில ஆபீஸுக்குக் கிளம்புற பரபரப்புல நம்மைக் கைதூக்கி விடுறதும் காலை வாருறதும் துணி அலமாரிதான். அலமாரி எவ்வளவு ஆழம், கண்ணாடி எங்கே, அயர்ன் பாக்ஸுக்கு பிளக் எங்கே, மழைக்காலத்துல கொடி எங்கே, இந்த நாலும் தெளிவாயிட்டா பெட்ரூம் பிளான் பாதி முடிஞ்ச மாதிரி. நாலையும் சுவரை உடைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். பெயின்ட் அடிச்ச பிறகு சொன்னா, அடிச்ச சுவரையே திரும்ப உடைப்பாங்க.

1. துணிக்கணக்கு எடு

கொட்டினதை நாலு குவியலாப் பிரி. வாராவாரம் போடுறது, விசேஷத்துக்குப் போடுறது, வேலை பாக்கி இருக்கிறது, தொடவே தொடாதது.

மூணாவது குவியல்தான் முக்கியம். கொக்கி அறுந்த பிளவுஸ், ஃபால்ஸ் அடிக்காத சேலை, பிடிச்சுத் தைக்க வேண்டிய குர்தா எல்லாம் அதுலதான் கிடக்கும். மொத்தமா ஒரு பையில போட்டு டெய்லர்கிட்ட கொடு. அது திரும்பி வந்தாலே புதுசா நாலு செட் வாங்கின மாதிரி இருக்கும். நாலாவது குவியலுக்குப் புது வீட்டுல இடமே ஒதுக்காதே. கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுத்துடு.

அப்புறம் டேப் எடுத்து அள. உன் நீளமான அனார்கலியை ஹேங்கர்ல மாட்டி, கம்பியில இருந்து அடி வரைக்கும் எவ்வளவுன்னு பாரு. சேலை, மாப்பிள்ளையோட சட்டை எல்லாத்தையும் இதே மாதிரி அளந்து ஒரு தாள்ல எழுதி வை. தொங்கவிடுறது எத்தனை, மடிச்சு வைக்கிறது எத்தனைன்னும் எழுது. ஆசாரி வந்ததும் கையில கொடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

2. மாசம் பார்த்து ஆரம்பி

தமிழ்நாட்டுல நிறைய ஊருக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மொட்டை மாடி வேலையையும் வெளிச்சுவர் பெயின்டையும் அந்த மூணு மாசத்துல வச்சுக்காதே. பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சா பூச்சு நல்லாக் காயும். கன்னியாகுமரி, தென்காசி, கோவைக்கு மேற்கே உள்ள ஊருன்னா ஜூன், ஜூலையில வர்ற தென்மேற்கு மழையையும் கணக்குல சேர்த்துக்கோ.

ஆனா தையிலயும் வைகாசியிலயும் எல்லா ஊர்லயும் விசேஷம், ஆள் கிடைக்கிறது கஷ்டம், முன்கூட்டியே பேசி வை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்கள்ல பெயின்டர் கையிலயே சிக்க மாட்டாரு. ஆடியில யாரும் புதுசா வேலை தொடங்க மாட்டாங்க. அதனாலேயே கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அப்போ கொஞ்சம் கை ஓயும். பூஜையை ஆனியிலயே போட்டுட்டு வீட்டுக்குள்ள நடக்கிற வேலையை ஆடியில ஓட்டிக்கலாம்.

நடுவுல ஒரு மழைக்காலம் வந்தா அதையும் வீணாக்காதே. எந்தச் சுவர்ல ஓதம் அடிக்குதோ அங்கே பென்சில்ல கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வை. வெயில் காலத்துல வந்து பார்க்கிற மேஸ்திரிக்கு அந்தச் சுவர் காய்ஞ்சுதான் தெரியும்.

3. வேலையோட வரிசை மாறக் கூடாது

* முதல்ல ஒழுகல். மாடி, பாத்ரூம், ஜன்னல் மேல இருக்கிற சன்ஷேடு எதுல தண்ணி இறங்கினாலும் அதை அடைச்ச பிறகுதான் மத்ததெல்லாம்.
* அடுத்து இடிக்கிறது. அபார்ட்மென்ட்னா சங்கத்துல முன்கூட்டியே சொல்லிடு. தூண், பீம் பக்கம் உளியே போகக் கூடாது. தூண் இல்லாத பழைய வீட்டுல சுவர்தான் கூரையைத் தாங்கும். எந்தச் சுவரை எடுக்கிறதா இருந்தாலும் இன்ஜினீயர் வந்து பார்த்துச் சொல்லட்டும். புதுசா ரூம் எடுக்கிறதா, மாடி கட்டுறதா இருந்தா உள்ளாட்சி அனுமதியும் வேணும்.
* அப்புறம் காடி வெட்டி பைப்பும் வயரும் போடுறது. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுறது வழக்கம். ஷாக் அடிச்சா உடனே கரண்ட்டை நிறுத்துற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பா இருக்கணும். பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும், பக்கத்துல டேப்பை வச்சு போட்டோ எடு. நாளைக்கு ஆணி அடிக்கிறப்போ பைப் எங்கே ஓடுதுன்னு அந்தப் போட்டோதான் சொல்லும்.
* பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணி காட்டணும். அதுக்கப்புறம் ஏறக்குறைய ஒரு மாசம் காய விட்டுட்டு பட்டி, பிரைமர்.
* பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும் தண்ணியைக் கட்டி ஒரு நாள் முழுசா நிறுத்தி, கீழே கசியுதான்னு பார்த்த பிறகுதான் டைல்ஸ். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ். எந்த ரூமா இருந்தாலும் 10 சதவீதம் கூடுதலா, ஒரே பேட்ச் நம்பர்ல வாங்கு. மிச்சத்தைப் பரண்ல வை. பிற்பாடு ஒரு டைல் உடைஞ்சா அதே நிறம் கடையில கிடைக்காது.
* மரவேலைக்கு முன்னாடி பெயின்ட் ஒரு கோட். ஆசாரி கிளம்பின பிறகு கடைசிக் கோட்.

4. ஆசாரிகிட்ட அலமாரிக்கு என்ன சொல்லணும்

ஆழம் 2 அடி. ஹேங்கரே ஒன்றரை அடி அகலம் வரும். ஆழத்தைக் குறைச்சா கதவு மூடுறப்போ சட்டைக் கை மாட்டிக்கும். சட்டை தொங்க 3½ அடி, நீளமான உடைக்கு 5 அடி வேணும். உன் தாள்ல இருக்கிற அளவோட ஒப்பிட்டு முடிவு பண்ணு.

மடிச்சு வைக்கிற தட்டு ஒவ்வொண்ணும் 12 அங்குல உயரம் போதும். அதுக்கு மேல உயரம் விட்டா சேலையை அடுக்கிக்கிட்டே போவோம். அடியில இருக்கிற சேலை நசுங்கும், அதை உருவுறப்போ மேலே இருக்கிற எல்லாம் சரியும். உள்பாவாடைக்கும் பிளவுஸுக்கும் ஆழம் கம்மியான டிராயர் கேளு.

பாத்ரூம் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். வேற இடமே இல்லைன்னா சுவருக்கும் அலமாரிக்கும் இடையில ஒரு அங்குலம் காத்து போக வழி விட்டு, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடச் சொல்லு. மத்த சுவருக்கு ஐஎஸ் 303-ல பிடபிள்யூஆர் ரகம் போதும். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் கனம் இருக்கணும். பலகையில அடிச்சிருக்கிற முத்திரையை, மைக்கா ஒட்டி மறைக்கிறதுக்கு முன்னாடி நீயே பார்த்துடு. அடியில 4 அங்குலம் மேடை வை. தரை துடைக்கிற தண்ணி பலகையில ஏறாது.

விலை பேசுறப்போ, சதுர அடி எதுக்குக் கணக்குன்னு கேளு. முன்பக்கம் மட்டுமா, லாஃப்ட் சேர்த்தா, டிராயரும் சானலும் தனியான்னு எழுதி வாங்கு. ரெண்டு பேர் கொட்டேஷனை ஒப்பிடணும்னா இந்தக் கேள்வி இல்லாம முடியாது.

5. கண்ணாடி, வெளிச்சம், பிளக், கொடி

தலையில இருந்து கால் வரைக்கும் தெரிய ஆறடிக் கண்ணாடி தேவையே இல்லை. உன் உயரத்துல பாதி இருந்தாலே முழு உருவமும் தெரியும், மாட்டுற உயரம் சரியா இருக்கணும், அவ்வளவுதான். தரையில இருந்து 2 அடி விட்டு 4 அடிக் கண்ணாடி மாட்டு. ஆறடி மாப்பிள்ளைக்குக் கால் வரைக்கும், உனக்குக் கொசுவத்தோட அடி வரைக்கும் தெரியும்.

லைட் உன் முதுகுப் பக்கம் இருந்தா முகம் இருட்டும். கண்ணாடிக்கு மேலயோ ரெண்டு பக்கமுமோ வை. 6500 கெல்வின் லைட்ல எல்லாம் நீலம் பாரிக்கும், 3000 கெல்வின்ல மஞ்சள் பூசினாப்ல தெரியும். டிரஸ் பண்ற இடத்துக்கு 4000 கெல்வின் வாங்கு. கருநீலத்தையும் கறுப்பையும் மாத்தி எடுக்கிற தொல்லை குறையும். பெயின்டுக்கும் வெளிச்சம்தான் பரீட்சை. அட்டையைப் பார்த்து முடிவு பண்ணாம, சுவர்ல 2 அடிக்கு 2 அடி அடிச்சுப் பார்த்து, காலை வெளிச்சத்துலயும் ராத்திரி லைட்லயும் பாரு.

சாதாரண அயர்ன் பாக்ஸ் 1000 வாட். ஸ்டீம் அயர்ன் 2000 வாட்கூட இழுக்கும். அதுக்கு 16 ஆம்பியர் பிளக் வேணும். மேஜை போடுற இடத்துக்குப் பக்கத்துல, இடுப்பு உயரத்துல வைக்கச் சொல்லு. மழைக்காலத்துக்கு பால்கனி சீலிங்ல கப்பி வச்ச கொடி மாட்ட கொக்கிகளைப் பெயின்டுக்கு முன்னாடியே அடிச்சுடு.

6. வேலை நடக்கிறப்போ துணி எங்கே?

பட்டு ஒண்ணுகூட வீட்டுல இருக்கக் கூடாது. அம்மா வீட்டுக்கு அனுப்பிடு. சிமென்ட் தூசி காரத்தன்மை உள்ளது. பட்டு புரத இழை. ஈரத்தோட காரம் பட்டா இழை பலவீனமாகும், பளபளப்பும் போகும்.

உனக்கு ஒரு சூட்கேஸ் போதும். ஒண்ணோட ஒண்ணு சேருற மாதிரி எடுத்து வை: கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு பேன்ட், அதுக்குப் பொருந்துற அஞ்சாறு குர்தா, எல்லாத்துக்கும் போற ஒரு துப்பட்டா, இஸ்திரி கேட்காத ரெண்டு சேலை, திடீர்னு வர்ற கல்யாணத்துக்கு பிளவுஸ், உள்பாவாடையோட ஒரு முழு செட். தூசி வேலைக்குன்னு ரெண்டு பழைய உடை தனியா இருக்கட்டும். தூசி படிஞ்சதை உதறின பிறகு, மத்த துணியோட சேர்க்காமத் துவை.

புது அலமாரி தயாரானதும் உடனே துணியை அடுக்காதே. பிளைவுட் பசை வாடை துணியில ஏறும். கதவு, டிராயர் எல்லாத்தையும் ரெண்டு மூணு வாரம் திறந்தே போட்டு, ஃபேன் ஓடட்டும்.

7. திரும்ப அடுக்குறப்போ

* அசல் காஞ்சிபுரம் ஜரிகையில வெள்ளி இருக்கு. ஈரமும் காத்துல இருக்கிற கந்தகமும் பட்டா வெள்ளி கறுக்கும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டிடும். துவைச்ச பழைய பருத்தி வேட்டியில சுத்தி வை. சென்ட் ஜரிகை மேல படக் கூடாது.
* மூணு மாசத்துக்கு ஒருமுறை மடிப்பை மாத்து. ஒரே மடிப்புல கிடந்தா அந்தக் கோட்டிலேயே இழை விடும்.
* கனமான பட்டை மாசக்கணக்குல ஹேங்கர்ல தொங்கவிடாதே. இரும்பு ஹேங்கர் எதுக்குமே வேண்டாம், துருக்கறை போகாது.
* பாச்சை உருண்டை துணி மேல நேரா படாம, சின்னத் துணியில முடிஞ்சு மூலையில வை. வசம்பும் காய்ஞ்ச வேப்பிலையும் அப்படித்தான்.
* கஞ்சி போட்ட காட்டனை நாள்கணக்கா உள்ளே வைக்காதே. கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். அலசி, காயவச்சு அடுக்கி, உடுத்துறப்போ கஞ்சி போட்டுக்கோ.
* கட்டின சேலையை நிழல்ல கொஞ்ச நேரம் காத்தாடப் போட்டு, வேர்வை காய்ஞ்ச பிறகுதான் உள்ளே வைக்கணும்.

8. பணத்துல கண் வை

போட்ட பட்ஜெட்டுக்கு மேல 10 முதல் 15 சதவீதம் தனியா எடுத்து வை. பழைய சுவரைத் திறந்தா உள்ளே துருப்பிடிச்ச பைப் காத்துக்கிட்டு இருக்கும். லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடயான்னு முதல் நாளே எழுத்துல இருக்கட்டும். கட்டம் கட்டமா வேலை முடிய முடியப் பணம் கொடு. கடைசி 10 சதவீதத்தை, எல்லா டிராயரையும் இழுத்து, எல்லா சுவிட்சையும் போட்டு, எல்லாக் குழாயையும் திறந்து பார்த்த பிறகு கொடு.

வீட்டு வேலை வருஷத்துல துணிக்கடைப் பக்கம் போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆடித் தள்ளுபடி இருக்கு, தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி இருக்கு. போறதுக்கு முன்னாடி உன்கிட்ட இருக்கிற பிளவுஸ்களை எல்லாம் வரிசையா வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ. அதுல எதோடயாவது சேருற சேலையா பார்த்து வாங்கு. சேரலைன்னா சேலை விலையோட பிளவுஸ் துணி, லைனிங், தையல் கூலி, ஃபால்ஸ் எல்லாத்தையும் கடையிலேயே நின்னு கூட்டிப் பாரு. அந்தச் சேலையோட உண்மையான விலை அந்தக் கூட்டுத்தொகைதான்.