நாய்க்குட்டிகளைப் பார்வோ நோயினின்று காத்தல்



வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் இரவுக் காவலுக்கு நாயைப்போன்ற துணை வேறில்லை. மரவள்ளிப் பாத்தியிற் காட்டுப்பன்றி இறங்கும்போதும், பகலிற் குரங்குக் கூட்டம் பயிரிற் பாயும்போதும், முதலிற் குரைத்து உங்களை எழுப்புவது அதுவே. குட்டியொன்றைப் பழக்கி நல்ல காவல் நாயாக்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். ஆனால், அக்குட்டியை ஒருசில நாட்களிலேயே கொன்றுவிடத்தக்க நோயொன்று உண்டு. அதுவே பார்வோ நோய். இந்நோயினின்று குட்டிகளைக் காக்கும் முறைகளை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கண்டறிந்த ஒரு சம்பவம்

எமது பிரிவிற் கத்தரியும் மிளகாயும் செய்கைபண்ணும் கமக்காரர் ஒருவர், இரண்டு மாத வயதுடைய குட்டியொன்றைக் கொண்டுவந்து வளர்த்தார். ஒருநாட் காலை அது உணவை மறுத்தது, மாலையில் வாந்தியெடுத்தது, மறுநாள் இரத்தங் கலந்து கழிந்தது, மூன்றாம் நாள் இறந்தது. வேலித் தகராற்றினாற் பகைகொண்டிருந்த அயலவரே நஞ்சு வைத்தார் என அவர் எண்ணினார். இரு வீட்டாரும் பேச்சற்றுப் போயினர்.

இரண்டு மாதங்கள் சென்றபின் அவர் வேறோர் ஊரிலிருந்து மற்றுமொரு குட்டியைக் கொண்டுவந்து, அதே பலாமரத்தின் கீழ்க் கட்டி, அதே சட்டியில் உணவு வைத்தார். ஒரு வாரத்துள் அதற்கும் அவ்வாறே கண்டது. இம்முறை குட்டியை மிருக வைத்தியரிடம் எடுத்துச் சென்றனர். மலத்தைச் சோதித்த வைத்தியர், இது நஞ்சன்று, பார்வோ நோய் என்றார். இரண்டாவது குட்டியைக் கொன்றது அயலவரல்லர். முதற்குட்டி கழிந்த மண்ணே ஆகும்.

தக்காளியில் வாடல்நோய் கண்ட பாத்தியில் அடுத்த போகத்திலும் தக்காளியையே நட்டால் விளைவு யாதென்பதை நீங்கள் நன்கறிவீர்கள். செடியைப் பிடுங்கி எறிந்தாலும் கிருமி மண்ணிலேயே இருக்கும். பார்வோ நோயின் இயல்பும் இத்தகையதே. இதனை விளங்கிக்கொண்டால், பின்னர் கூறப்படும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

நோயின் தன்மை

பார்வோ நோயை உண்டாக்குவது மிக நுண்ணிய வைரசுக் கிருமியாகும். 1970களின் பிற்பகுதிக்கு முன்னர் நாய்களில் இந்நோய் அறியப்பட்டிருக்கவில்லை. 1978ஆம் ஆண்டளவில் இது பல நாடுகளிலும் ஒருங்கே பரவியது. "எங்கள் பாட்டன் காலத்தில் நாய்க்கு ஊசி போட்டதில்லையே" என்று கூறுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். பாட்டன் காலத்தில் இந்நோயே இருக்கவில்லை.

உடலில் விரைவாகப் பெருகும் உயிரணுக்களையே இக்கிருமி தாக்கும். குடலின் உட்புறத் தோல் ஓயாது புதுப்பிக்கப்படுவது. ஆகவே அது முதலில் அழிகின்றது. அதனால் உணவும் நீரும் உடலிற் சேராது இரத்தத்துடன் வெளியேறுகின்றன. என்பு மச்சையும் தாக்கப்படுவதால், நோயை எதிர்க்கும் வெண்குருதி அணுக்கள் குறைந்துபோகின்றன. குட்டி இறப்பது பெரும்பாலும் நீரிழப்பினாலும், சிதைந்த குடலின் வழியே இரத்தத்திற் புகும் பிற கிருமிகளாலுமே ஆகும்.

6 வாரம் முதல் 6 மாதம் வரை வயதுடைய குட்டிகளே இந்நோய்க்கு அதிகம் இலக்காகின்றன. தடுப்பூசி பெறாத வளர்ந்த நாய்க்கும் இது வரலாம். மனிதருக்கோ, மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கோ நாயின் பார்வோ நோய் தொற்றுவதில்லை.

பரவும் வழிகள்

நோயுற்ற நாயின் மலத்திற் கிருமி பெருந்தொகையாக வெளியேறும். நோய்க்குறிகள் தோன்றுவதற்கு முன்னரே இது தொடங்கிவிடும். நோய் நீங்கிய பின்னரும் சில வாரங்கள் தொடரலாம். அம்மலம் பட்ட மண்ணை முகர்ந்தும் நக்கியும் மற்றைய குட்டிகள் கிருமியை உட்கொள்ளுகின்றன. கிருமி உட்சென்று, பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களில் நோய் வெளிப்படும்.

இரண்டு நாய்களும் ஒன்றையொன்று காணவே வேண்டியதில்லை. சந்தைக்கும் தெருவுக்கும் சென்றுவரும் உங்கள் செருப்பிலும், துவிச்சக்கரவண்டிச் சில்லிலும், மண்வெட்டியிலும், உணவுச் சட்டியிலும், கட்டுக் கயிற்றிலும், படுக்கைச் சாக்கிலும் கிருமி ஒட்டிவரும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அது பல மாதங்கள், சிலவேளைகளில் ஒரு வருடத்துக்கு மேலும், உயிர்ப்புடன் இருக்கும். மலம் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டது என்பதனால் வளவு சுத்தமாகிவிட்டது என எண்ணுதல் தவறு.

தடுப்பூசி பலமுறை போடுவது ஏன்?

"ஒரு தடவை ஊசி போட்டோம், ஆயினும் குட்டி இறந்தது" என்று பலர் முறையிடுகின்றனர். இதற்குத் தக்க காரணம் உண்டு.

தாய் நாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருப்பின், பிறந்த முதல்நாளிற் குடிக்கும் சீம்பாலின் வழியாக அது குட்டிக்குக் கிடைக்கும். இச்சக்தி குட்டியைச் சில வாரங்கள் காக்கும். ஆனால், அதே சக்தி தடுப்பூசி மருந்தையும் வேலைசெய்ய விடாது தடுத்துவிடும். நாட்செல்ல அது குறைந்து, நோயைத் தடுக்கப் போதாத நிலையை அடையும். எனினும் ஊசியைத் தடுக்கப் போதுமானதாக இருக்கும். இந்த இடைக்காலமே மிக ஆபத்தானது. இது எந்த வாரத்தில் வருமென்பது ஒரே தாயின் குட்டிகளுக்குள்ளும் வேறுபடும். ஆதலினாலேயே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கின்றது.

1. முதலாவது ஊசியை 6 முதல் 8 வார வயதிற் போடுவிக்க.

2. அதன்பின் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் நிறையும்வரை தொடர்க. 8, 12, 16 வாரங்களிற் போடுவித்தலை இதற்கு உதாரணமாகக் கூறலாம். 16 வாரத்தில் அல்லது அதன்பின் போடப்படும் ஊசியே யாவற்றிலும் முக்கியமானது, அதனைத் தவறவிடாதீர்கள்.

3. 6 மாதத்துக்கும் 1 வருடத்துக்கும் இடையில் மீண்டும் ஒன்று போடுவிக்க. அதற்கு மேலுள்ள ஊசிகளை மிருக வைத்தியர் குறிக்கும் தவணைப்படி போடுவிக்க.

இம்மருந்தைக் குளிரிலேயே வைத்திருத்தல் வேண்டும். வெயிலிற் கொண்டுதிரிந்த மருந்து பயன்தராது. ஆகவே, குட்டியை வைத்தியரிடம் எடுத்துச் செல்வதே மேல். ஊசி போட்ட திகதியை ஓர் அட்டையிற் குறிப்பித்து, உங்கள் விதைநெற் குறிப்புகளைப் பேணுவதுபோற் பேணுங்கள்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும் ஊசி நீர்வெறுப்பு நோய்க்கானது. அது இன்றியமையாதது, ஆனால் பார்வோ நோயைத் தடுக்காது. இரண்டும் வெவ்வேறான ஊசிகள்.

வீட்டிற் செய்யவேண்டியவை

16 வாரத்து ஊசி போட்டு ஏறக்குறைய 2 வாரங்கள் செல்லும்வரை குட்டியைத் தெருவிலும், வயல் வரம்பிலும், பிற நாய்கள் திரியும் இடங்களிலும் விடாதீர்கள். வளவுக்குள், வெயில் படும் துப்புரவான ஓரிடத்தை அடைத்து அதற்கென ஒதுக்குங்கள். வெளியே கொண்டுசெல்ல நேரின் கையில் அல்லது கூடையிற் கொண்டுசெல்க. மனிதரையும் மாடுகளையும் உழவு இயந்திரத்தின் ஓசையையும் அது இவ்வயதிலேயே பழகவேண்டும். அதனைத் தரையில் விடாமலே பழக்கலாம்.

வெளியே சென்றுவந்த செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவைத்து, கைகளைக் கழுவியபின் குட்டியைத் தொடுங்கள். அயல்வீட்டு நாய் நோயுற்றிருப்பின் அங்கு சென்ற உடையுடன் குட்டியை அணுகாதீர்கள். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளி, கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதைத்துவிடுங்கள். மரக்கறிப் பாத்திக்கு அதனைப் பசளையாக இடாதீர்கள். குடற்புழுக்கள் மிகுந்த குட்டியை நோய் எளிதில் வீழ்த்துமாதலால், வைத்தியரின் யோசனைப்படி பூச்சி மருந்தும் கொடுத்து வருக.

பெண் நாயைக் குட்டியீனுவதற்கு வளர்ப்போர், அது சினைப்படுவதற்கு முன்னரே அதன் தடுப்பூசிகளைப் பூர்த்திசெய்தல் வேண்டும். சினைக் காலத்தில் வைத்தியரைக் கேளாமல் ஊசி போடுவித்தல் ஆகாது.

பல நாய்களை வளர்ப்போருக்கு

நாய்க்கூடுகள் வைத்துப் பல நாய்களை வளர்க்குமிடத்து, ஒரு குட்டியிற் கண்ட நோய் அனைத்திலும் பரவக்கூடும். ஆதலாற் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

புதிதாக வரும் நாயை 2 வாரங்கள் தனியிடத்தில் வைத்துக் கவனித்த பின்னரே ஏனையவற்றுடன் சேர்க்க. ஒவ்வொரு கூட்டுக்கும் தனிச் சட்டி, தனித் தும்புத்தடி வைத்திருக்க. தினமும் வேலையைச் சிறு குட்டிகளின் கூட்டில் தொடங்கி, வளர்ந்த நாய்களைப் பார்த்து, தனிமைப்படுத்திய நாயைக் கடைசியாகக் கவனிக்க. இம்முறையை மாற்றினால் உங்கள் கைகளே நோயைக் காவிச்செல்லும். கூட்டின் தளம் மண்ணாக இராது, நீர் வடிந்தோடும் சரிவுடன் சீமெந்தினால் ஆக்கப்பட்டிருத்தல் நன்று. குட்டிகளைப் பார்க்க வருவோர் கூட்டுக்குக் கூடு தொட்டுச் செல்வதை அனுமதியாதீர்கள்.

கிருமி நீக்கும் முறை

சாதாரண சவர்க்காரமோ பினைலோ இக்கிருமியை அழிக்குமென நம்பியிருத்தல் கூடாது. சாணநீர் தெளிப்பதனாலும் பயனில்லை. கடைகளிற் போத்தலில் விற்கப்படும், துணி வெளுக்கும் குளோரீன் திரவமே எளிதிற் கிடைப்பதும் பயன்தருவதுமாகும்.

முதலில் மலம், மண், மயிர் முதலியவற்றை அகற்றிச் சவர்க்கார நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின்மேல் ஊற்றப்படும் குளோரீன் வலுவிழந்துவிடும். பின்னர், நூற்றுக்கு 5 வீதமளவிற் செறிவுள்ள திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் சேர்த்து, அதாவது 3 லீற்றர் நீருக்கு 100 மில்லிலீற்றர் வீதம் கலந்து, இடமெங்கும் நனையும்படி ஊற்றி 10 நிமிடம் விட்டு, நீரால் அலம்பி உலரவிடுங்கள். கலவையை அன்றன்றே தயாரிக்கவேண்டும். வேறெந்தக் கழுவு மருந்துடனும் அதனைக் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகலாம். வேலைசெய்யும்போது நாய்களை அப்பால் அகற்றிவிடுங்கள். சாக்கு, பழந்துணி, மரக்கட்டை போன்று ஊறும் பொருட்களைக் கழுவிப் பயன்படுத்துவதிலும் எரித்துவிடுவதே சிறந்தது. இம்முறை சீமெந்துத் தளத்துக்கும் பாத்திரங்களுக்குமே ஏற்றது. வெறும் மண்ணை இவ்வாறு சுத்தஞ்செய்ய இயலாது.

நோய் கண்டால்

குட்டி சோர்ந்து ஒதுங்குதல், உணவை மறுத்தல், காய்ச்சல், ஓயாத வாந்தி, கடும் நாற்றமுடைய இரத்தக் கழிச்சல் ஆகியவை நோய்க்குறிகளாம். இரத்தம் தோன்றும்வரை காத்திராதீர்கள். குட்டியொன்று உணவை மறுத்து வாந்தியெடுத்தால் அன்றே அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நாளங்களின் வழியாக நீர்மருந்து ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பிற கிருமிகளுக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலான குட்டிகளைக் காப்பாற்றலாம். சிகிச்சையின்றி விடப்பட்டவற்றிற் பெரும்பாலானவை இறக்கும்.

வாந்தியெடுக்கும் குட்டியின் வாயில் நீரையோ கஞ்சியையோ பலவந்தமாக ஊற்றாதீர்கள். அது சுவாசப்பையுட் செல்லலாம். மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடாதீர்கள். வைத்தியரிடம் செல்லும்போது குட்டியைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று, பிற நாய்கள் இருக்குமிடத்தில் இறக்காது, முதலில் விடயத்தைக் கூறுங்கள்.

பிழைத்த குட்டியைக் குறைந்தது 2 வாரங்கள், இயலுமாயின் 4 வாரங்கள், தனியே வைத்து, மயிரிற் கிருமி ஒட்டியிருக்குமாதலால் நன்றாகக் குளிப்பாட்டிய பின்னரே ஏனையவற்றுடன் சேர்க்க. இறந்த குட்டியைக் குளத்திலோ பற்றையிலோ எறியாது ஆழப் புதைத்துவிடுக.

நோய் வந்துபோன வளவிற்கு ஒரு வருடம்வரை இளங்குட்டியைக் கொண்டுவராதீர்கள். காவலுக்கு நாய் அவசியமாயின், 16 வாரத்துக்கு மேற்பட்டதும் தடுப்பூசிகள் யாவும் பெற்றதுமான ஒன்றையே கொண்டுவருக.

முன்னர் கூறிய கமக்காரர் இவ்வாறே செய்தார். சிகிச்சை பெற்ற இரண்டாவது குட்டி பிழைக்கவில்லை. ஆயினும், வைத்தியர் கூறியதைக் கேட்டறிந்த அன்று மாலையே அவர் வேலியருகே சென்று அயலவரிடம் உண்மையைக் கூறினார். அயலவரின் வீட்டிலும் அப்போது 7 வாரக் குட்டியொன்று இருந்தது. மறுநாள் இருவரும் சேர்ந்தே அதனை ஊசி போடுவிக்கக் கொண்டுசென்றனர். இன்று இரு தோட்டங்களுக்கும் காவலாக நிற்பது அந்நாயே.

உங்கள் வீட்டிலும் குட்டியொன்று இருக்குமாயின், அதன் வயது எத்தனை வாரமென இன்றே கணக்கிட்டு, அடுத்த ஊசிக்குரிய நாளைக் கலண்டரிற் குறித்துக்கொள்ளுங்கள்.