அடுத்த கிடா எங்கே நிற்கிறது?

இரண்டு மூன்று ஏக்கர் நிலமும், ஒரு கிணறும், இருபது செம்மறி வாங்கும் அளவுக்குப் பணமும் கையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த இனம் நல்ல இனம் என்பதைத்தான். மேச்சேரியா, வேம்பூரா, சென்னைச் சிவப்பா, இல்லை வெளிநாட்டு டார்ப்பரா என்று எடை, குட்டி எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒப்பிடுகிறார்கள். அது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது இரண்டாவது வேலை. அதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்றைக்கு வாங்கும் கிடாவை இரண்டு வருடம் கழித்து மாற்றியே ஆக வேண்டும். அப்போது அதே இனத்தில், இதற்கு உறவில்லாத இன்னொரு நல்ல கிடா எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்? காலையில் கிளம்பிப் போய், பார்த்து, விலை பேசி, பொழுது சாய்வதற்குள் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும் தூரத்தில் அது கிடைக்குமானால் அந்த இனத்தை எடுக்கலாம். இல்லையென்றால், எவ்வளவு பெயர் பெற்ற இனமானாலும் முதல் மந்தைக்கு அது ஆகாது என்பது என் முடிவு.

கிடாவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், கணக்கு அப்படி. இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஒரு பெட்டை தன் குட்டிக்கு மட்டும்தான் தாய். கிடாவோ அந்த வருடம் பட்டியில் விழும் அத்தனை குட்டிக்கும் தகப்பன். அடுத்த தலைமுறையில் சரிபாதி அந்த ஒரே உடம்பிலிருந்து வருகிறது. செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். முதல் ஈத்தில் பிறந்த பெட்டைக்குட்டிகள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அப்போதும் அதே கிடா பட்டியில் நின்றால் தன் மகளோடேயே சேரும். அப்படிப் பிறக்கும் குட்டியின் மரபணு இணைகளில், சராசரியாக நாலில் ஒரு பங்கு, ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்ததாக இருக்கும். பிறப்பெடை குறையும், வளர்ச்சி மந்தமாகும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், குட்டிச்சாவு கூடும். இவை முதல் வருடத்தில் தெரியாது. மூன்றாம் நான்காம் வருடத்தில்தான் தெரியும். அதற்குள் புதியவர் தீவனக் குறை என்று நினைத்து அடர்தீவனத்தைக் கூட்டியிருப்பார், குடற்புழு மருந்தை மாற்றியிருப்பார். பரம்பரையாக ஆடு மேய்ப்பவர்கள் மரபியல் படிக்காமலேயே கிடாவை வெளியிலிருந்து எடுக்கிறார்கள் என்றால், இந்த நஷ்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

வம்சாவளியுள்ள ஆடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனில் ஷ்ராப்ஷயர் என்ற இனத்துக்கு 1880களிலேயே பதிவேடு அச்சடித்துவிட்டார்கள். அங்கே ஓர் ஆட்டின் தகப்பன், பாட்டன் யார் என்று தாளில் பார்த்து வாங்கலாம். நம் நாட்டில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் இனங்களைப் பதிவு செய்கிறது. உங்கள் பட்டியில் நிற்கும் தனி ஆட்டுக்கு அதில் இடம் கிடையாது. தாய் தகப்பன் கணக்கு எழுத்தில் இருப்பது சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம், சென்னைச் சிவப்பை வைத்திருக்கும் காட்டுப்பாக்கம் போன்ற பல்கலைக்கழக, அரசுப் பண்ணைகளில்தான். மற்ற இடங்களில் வம்சாவளி வளர்ப்பவரின் ஞாபகத்தில் இருக்கிறது. எந்தப் பெட்டையின் குட்டி, அது எத்தனை ஈத்து ஈன்றது, பால் கண்டதா, குட்டியைச் சேர்த்துக்கொண்டதா, இந்தக் கிடா எந்த ஊர் மந்தையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் சொல்வார், சொல்வதைப் பட்டியிலேயே காட்டுவார். தாயும் கூடப்பிறந்ததும் கண்முன் நிற்கும்போது வாங்குவதுதான் நமக்கு வம்சாவளி. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையோ கன்னிவாடிச் சந்தையோ குட்டி விற்கச் சரியான இடங்கள். பெட்டையை ஏன் விற்கிறார்கள் என்பதற்கு அங்கே விடை கிடைக்காது. சினை பிடிக்காத பெட்டையும் மடி கெட்ட பெட்டையும் வந்து சேருவது பெரும்பாலும் சந்தைக்குத்தான்.

ஆகவே இனத்தை உங்கள் வட்டாரமே ஏற்கெனவே பாதி தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் என்றால் மேச்சேரி: வெளிர் பழுப்பு உடம்பு, குட்டை ரோமம், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது, வால் சிறுத்துக் குட்டையாக இருக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்றால் சென்னைச் சிவப்பு. தூத்துக்குடி, விருதுநகர் கரிசலில் வேம்பூர்: வெள்ளை உடம்பில் செம்பொட்டு, தொங்கும் காது, நெடிய கால், கிடாவுக்கு மட்டும் கொம்பு. அதே தெற்கில் கீழக்கரிசல்: கருஞ்சிவப்பு உடம்பு, வயிற்றிலும் காலிலும் கறுப்பு, கிடாவுக்குத் தடித்து முறுக்கிய கொம்பு. இராமநாதபுரம், சிவகங்கை என்றால் இராமநாதபுரம் வெள்ளை. இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததல்ல. காங்கேயம் வட்டாரக் கொறங்காட்டைப் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், கோடையில் புல் காய்ந்த பிறகும் மரத்திலிருந்து விழும் காய்களைப் பொறுக்கித் தின்று மந்தை தாக்குப்பிடிக்கிறது. மேச்சேரி அந்த மேய்ச்சலில் உருவான ஆடு. கரிசலில் வேலி கிடையாது. அறுவடை முடிந்த காடுகளில் நெடுந்தூரம் நடந்து மேய வேண்டும். வேம்பூரின் கால் அதற்கேற்ற கால். இன்ன தீவனத்தில், இன்ன மழையில், இன்ன நோய்களோடு பிழைத்து வந்தது என்று உள்ளூர் இனம் நூறு வருடமாக நடத்திக் காட்டியிருக்கும் சோதனையைப் புதியவர் தன் செலவில் மறுபடி நடத்த வேண்டியதில்லை.

இதற்கு வரும் பலமான மறுப்பு எடையைப் பற்றியது. நம் பெட்டைகள் இருபதிலிருந்து முப்பது கிலோ. டார்ப்பர் கிடா நூறு கிலோவைத் தொடும். கிலோக் கணக்கில் விற்கும் தொழிலில் சின்ன ஆட்டை ஏன் கட்டி அழ வேண்டும் என்கிறார்கள். டார்ப்பரைக் குறைத்துப் பேச எனக்குக் காரணம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1930களில் தொடங்கி, டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்து, வறண்ட நிலத்துக்கென்றே உருவாக்கிய இனம் அது. வளர்ச்சி வேகமும் கறித்திரட்சியும் உண்மையானவை. ஆனால் செம்மறி தன் எடையில் மூன்று நான்கு சதவீதம் காய்ந்த எடைக் கணக்கில் தின்னும். எடை கூடக்கூடத் தீவனமும் கூடும். ஆகவே ஒரு ஆட்டின் எடையைப் பார்ப்பதைவிட, ஒரு ஏக்கர் தீவனத்தில் எத்தனை கிலோ குட்டி விற்றோம் என்று பார்ப்பதே சரியான அளவு. அதில் பெரிய ஆடு தானாக ஜெயித்துவிடாது. இரண்டாவது, வடகிழக்குப் பருவமழையோடு வரும் நீலநாக்கு நோய். சின்னஞ்சிறு கடிபூச்சிகளால் பரவும் இந்த நோயில் நாட்டு ஆடுகளும் சாகின்றன என்றாலும், வெளிநாட்டு இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் கடுமை அதிகம் என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. எண்ணிக்கை குறைந்த புதிய இனத்துக்குச் சந்தையில் நிற்கும் விலை, வளர்ப்பவர் இன்னொரு வளர்ப்பவருக்கு விற்கும் விலை. வாங்க வரும் புதியவர்கள் குறைந்ததும் அது கறிக்கடை விலைக்கு இறங்கிவிடும். கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்பு 2012இல் சரிந்தபோது, பறவைக்கு வெளியே உண்மையான கிராக்கி இல்லை என்பது பணம் போட்ட பிறகே பலருக்கும் தெரிந்தது. நாட்டுச் செம்மறிக்கு அந்த ஆபத்து இல்லை. பக்ரீத்துக்கும் ஊர்க்கொடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் அதை வாங்க ஆள் இருக்கிறது. டார்ப்பர் கிடாவை நாட்டுப் பெட்டையோடு சேர்த்து, பிறக்கும் குட்டி அத்தனையையும் கறிக்கு விற்பது நியாயமான வழிதான். ஆனால் தலைச்சன் ஈத்துச் சிறிய பெட்டைகளுக்குப் பெரிய குட்டி சிக்கிக்கொள்ளும்; பிரசவம் பார்க்கத் தெரிந்த பிறகு செய்யலாம்.

இரட்டைக் குட்டி ஆசையும் இப்படித்தான். நம் இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடுபவை. சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டில் இரட்டை ஈனும் மரபணு இருக்கிறது; அதை மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தது; ராஜஸ்தானின் அவிகாநகரில் அவிஷான் என்ற ஆட்டை உருவாக்கினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் இரண்டு குட்டிக்கும் பால் தாய் மடியிலிருந்தே வர வேண்டும். கடைசி ஆறு வாரச் சினையில் தீவனம் தவறாமல் கூட வேண்டும். ஒதுக்கப்பட்ட குட்டிக்குப் புட்டிப்பால் தர வீட்டில் ஆள் வேண்டும். பிறந்த குட்டியை எண்ணாமல் மூன்று மாதத்தில் பால் மறந்து நிற்கும் குட்டியை எண்ணினால், முதல் சில வருடங்களுக்கு ஒற்றைக் குட்டியே புதியவருக்கு லாபம்.

எனக்கு மனம் இளகும் மறுப்பு வேறொன்று: அழிந்துவரும் இனத்தை நான் காப்பாற்றக் கூடாதா என்கிறவர்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ரத்தம் சேர்ந்து உருவான நீலகிரி ஆடு, மெல்லிய கம்பளியும் குளிர் தாங்கும் உடம்பும் உள்ள அருமையான ஆடு. மேய்ச்சல் நிலங்கள் தோட்டங்களாக மாறி, கம்பளிக்கும் விலை இல்லாமல் போன பிறகு சாண்டிநல்லாப் பண்ணையும் சில மந்தைகளும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கறுப்பும் ஒரு சிறு வட்டாரத்துக்குள் நிற்கும் இனம். இவை பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் உதகையில் இருப்பவர் நீலகிரி ஆட்டை எடுத்தால் இனத்துக்குப் பலம்; தாம்பரத்துக்கு அப்பால் தோட்டம் வாங்கியவர் பத்து நீலகிரியை இறக்கினால், அந்தப் பத்தும் தம் இனத்திலிருந்து பிரிந்து, வெயிலில் மூச்சிரைத்து, கிடா கிடைக்காமல் கலந்துபோகும். அரிய இனத்தில் பத்துப் பெட்டை தவறான இடத்துக்குப் போவது அந்த இனத்துக்கே இழப்பு. செங்கல்பட்டுக்காரர் தன் ஊர்ச் சென்னைச் சிவப்பைக் கலக்காமல் வளர்த்தால் அதுவும் இனப் பாதுகாப்புதான்.

பணம் போதவில்லை என்கிறவருக்கு ஒரு வழி சொல்வேன். பெட்டைகள் உள்ளூர்ச் சாயல் உள்ள சாதாரண ஆடுகளாக இருக்கட்டும். பணத்தைக் கிடாவில் போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தூய கிடா சேர்ந்தால், குட்டியில் அந்த இனத்தின் பங்கு பாதி, முக்கால், 87.5 சதவீதம், நான்காம் தலைமுறையில் ஏறத்தாழ 94 சதவீதம் என்று ஏறும். நான்கு தலைமுறைக்கு நான்கு கிடா வேண்டும் என்பதால், பக்கத்தில் கிடா கிடைக்கும் இனத்தில் மட்டுமே இது நடக்கும்.

பெட்டை வாங்கும்போது ஒன்றிரண்டு ஈத்து ஈன்றதாகப் பாருங்கள். கீழ்த்தாடையைப் பிரித்தால் முன்பல்லில் நான்கு பெரிய பல் முளைத்திருப்பது ஏறக்குறைய இரண்டு வயது, நல்ல வயது. கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் வயிற்றுப் புழு ரத்தம் குடிக்கிறது. மடியை இரண்டு கையாலும் அமுக்கி, கட்டி எதுவும் நெருடுகிறதா என்று தடவிப் பாருங்கள். கிடாவுக்கு விரை இரண்டும் ஒரே அளவாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மழை முடிந்து, தையில் வாங்குவது நல்லது. நீலநாக்குக் காலத்தைத் தாண்டி வந்த ஆடு கிடைக்கும், உங்களுக்கும் அடுத்த மழை வரை பழக நாள் கிடைக்கும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகளை அதற்குள் போட்டுவிடலாம். வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

முடிந்தால் தனியாக வாங்கப் போக வேண்டாம். பக்கத்து ஊரில் இதே இனத்தைத் தொடங்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மந்தைகளிலிருந்து ஆளுக்கொரு கிடா எடுங்கள். இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நான்கு வருடத்துக்குப் புதுக் கிடா வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது ஆள் சேர்ந்து சுற்றில் மாற்றினால் ஆறு வருடம்.