காது மிஷினைக் கடைத்தெருவில் வாங்குவதா, மருத்துவமனையில் வாங்குவதா?

இங்கிலாந்தில் காது மிஷின் இலவசம். 1948 ஜூலையில் என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை பிறந்த கையோடு ‘மெட்ரெஸ்கோ’ என்ற கருவியைக் காசு வாங்காமல் கொடுக்கத் தொடங்கினார்கள். மாட்டிக்கொள்பவருக்குத்தான் இலவசம், அதற்கான பில்லை யாராவது கட்டியாக வேண்டும். அந்தப் பொறுப்பு 2022 ஜூலையில் ‘ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள்’ என்ற பெயரில் அமைந்த 42 வட்டார அமைப்புகளிடம் வந்தது. வாரியம் யாருடைய காதையும் பரிசோதிப்பதில்லை. தன் வட்டாரத்து மக்களுக்காகச் சேவையை விலைக்கு வாங்குகிறது. யாரிடம், என்ன நிபந்தனையில் வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். தமிழ்நாட்டிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்காகத் தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு பணம் தருகிறது. ஆகவே இது நமக்கு அந்நியமான கேள்வி அல்ல.

முதலில் பெரியவர்கள். 2012 வரை பெரும்பாலும் மருத்துவமனையில் செவித்திறனைக் கவனிக்கும் ஆடியாலஜி பிரிவுதான் ஒரே வழி. அந்த ஆண்டில் ‘தகுதியுள்ள எந்த நிறுவனமும் வரலாம்’ என்ற ஏற்பாடு வந்தது. மூக்குக்கண்ணாடி விற்கும் ஸ்பெக்சேவர்ஸ் போன்ற கடைகளும் என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் காது மிஷின் பொருத்தத் தொடங்கின. 55 வயதைக் கடந்து, இரண்டு காதிலும் மெல்ல மெல்லக் கேட்கும் திறன் குறைந்து வருகிறவருக்கு இது உண்மையிலேயே வசதி. கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் ஒரு காது மட்டும் மந்தமானவர், தலைசுற்றல் உள்ளவர், காதில் சீழ் வடிகிறவர் ஆகியோர் கடைக்குரியவர்கள் அல்லர். மூன்று நாளுக்குள் திடீரென்று காது கேட்காமல் போய், அது நேர்ந்து முப்பது நாள் ஆகாதவரை 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்பது நைஸ் என்ற வழிகாட்டு அமைப்பு 2018-இல் வகுத்த விதி. இப்படிப்பட்டவர்களைக் கடையிலிருந்து மருத்துவமனைக்கு யார், எத்தனை நாளில் அனுப்புவார் என்பதை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. காதுக் குறும்பியும் இதே கதைதான். குறும்பி அடைத்திருந்தால் காதைச் சோதிக்க முடியாது என்று கடையில் திருப்பி அனுப்புவார்கள். குடும்ப மருத்துவரோ அதை எடுக்கும் வேலையை விட்டுவிட்டேன் என்பார். நடுவில் மாட்டிக்கொண்டவர் சொந்தக் காசில் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். குறும்பி எடுப்பதையும் சேர்த்தே வாங்கிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

கடை ஒப்பந்தங்களில் பரிசோதனை, கருவி, பொருத்துதல், மூன்று ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைப்பது வழக்கம். கணக்குப் பார்க்க எளிது. சிக்கலும் அங்கேதான். கருவி பொருத்தியதும் பணம் கைக்கு வந்துவிடும். பிறகு அது காதில் இருந்தாலும் மேசை டிராயரில் கிடந்தாலும் கடைக்கு ஒன்றுதான். ஆகவே விலையைப் பேரம் பேசுவதைவிட, பொருத்தும் நாளில் நடப்பதைப் பேசுவது லாபம். நல்ல ஆடியாலஜிஸ்ட் மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறையின் அருகே வரை நுழைத்து, அதன் மேல் கருவியை மாட்டி, பேச்சொலியை ஓட விடுவார். அந்தக் காதுக்குள் உண்மையில் எவ்வளவு சத்தம் சேர்கிறது என்பது திரையில் கோடாக எழும். கோடு இலக்குக்குக் கீழே இருந்தால் ஏற்றுவார். இதைச் செய்யாமல் தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருள் போட்டுத்தரும் அளவிலேயே விட்டால், ‘ச’, ‘ஃப’ போன்ற மெல்லொலிகள் இருக்கும் உயர் அலைவரிசையில் சத்தம் போதாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இந்த அளவீடு கட்டாயம், 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி நேரில் பார்ப்பதும் கட்டாயம் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இரண்டாவதை நைஸும் சொல்கிறது.

வாங்காமலே இருந்துவிடலாம் என்றும் ஓர் இடத்தில் யோசித்தார்கள். வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயரில் அன்று இந்தப் பொறுப்பில் இருந்த அமைப்பு, லேசான காது மந்தம் உள்ள பெரியவர்களுக்கு இலவசக் கருவி கிடையாது என்று 2015-இல் முடிவெடுத்தது. மிச்சப்படுத்த இது மோசமான இடம். செவித்திறன் வரைபடமான ஆடியோகிராமில் ‘லேசு’ என்று வருபவருக்குச் சந்தடியில் பேரப்பிள்ளை பேசுவது புரியாமலிருக்கலாம். பேசிப் பழகுவதில் எவ்வளவு சிரமம் என்பதை வைத்துக் கருவி கொடுங்கள், இரு காதும் மந்தமென்றால் இரண்டு கருவி கொடுங்கள் என்பதே 2018-ஆம் ஆண்டு வழிகாட்டலின் சாரம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கடை, போட்டி, வசதி எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தில் சேவையை நிர்வகிக்கும் முறை வேறு. ஆனாலும் எடின்பரோவை உள்ளடக்கிய லோதியனில் நடந்தது எல்லா வாரியங்களுக்கும் பாடம். பெற்றோர் ஒருவரின் புகாரில் தொடங்கிய விசாரணை, 2021-இல் பிரிட்டிஷ் ஆடியாலஜி அகாதமியின் தணிக்கையில் வந்து நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்ததில், ஒன்பது ஆண்டுகளில் 155 குழந்தைகள் விஷயத்தில் பெரிய தவறுகள் தெரிந்தன. காது கேளாமை கண்டுபிடிக்கப்பட்ட சராசரி வயது அங்கே நாலரை ஆண்டு. இங்கிலாந்தில் 109 நாள். மொழி ஊன்ற வேண்டிய காலம் முழுக்கப் போய்விட்டது.

பரிசோதனைக் கருவி இல்லாததால் நேர்ந்த தவறல்ல இது. தூங்கும் சிசுவின் நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்வாய்களை ஒட்டி, ஒலி கொடுத்து, மூளைத் தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்கிறார்கள். தேடும் அலை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. குழந்தை நெளிந்தாலே அதைவிடப் பெரிய இரைச்சல் பதிவாகும். இரைச்சலை அலை என்று படித்துவிட்டால், கேளாத குழந்தை ‘நார்மல்’ என்று வீட்டுக்குப் போய்விடும். ஆண்டுக்கு நாலைந்து சிசுக்களை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தக் கண் எளிதில் வாய்க்காது. பிறவியிலேயே நிரந்தரக் குறை இருப்பது ஆயிரம் குழந்தைகளில் ஒன்றோ இரண்டோ என்பதால் சிறு மருத்துவமனைகளுக்குப் பயிற்சி அமைவதே கடினம். ஆகவே நாலு சிறு பிரிவுகளைவிட, தூரமானாலும் ஒரு பெரிய பிரிவே மேல். பதிவுகளை வெளிமருத்துவமனையின் ஆடியாலஜிஸ்ட் ஒருவரும் தனியாகப் படித்துச் சரிபார்க்கிறாரா என்று கேட்க வேண்டும். சிசுவின் காது வளர வளர கருவியைக் காதில் பொருத்தும் அச்சான இயர்மோல்டைச் சில வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை மட்டும் ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

காக்ளியர் இம்ப்ளான்ட்டில் தேர்வு குறைவு. அது சிறப்புச் சேவை. மான்செஸ்டர், பர்மிங்காம், சவுத்தாம்ப்டன் போன்ற சில மையங்களில்தான் நடக்கிறது. 2019-இல் நைஸ் தகுதியைத் தளர்த்தி, 80 டெசிபலிலோ அதற்கு மேலோதான் கேட்கிறது, கருவி போட்டும் போதிய பயனில்லை என்றால் பரிசீலிக்கலாம் என்றது. குழந்தைக்கு இரு காதிலும், பெரியவர்க்குப் பெரும்பாலும் ஒரு காதில். வட்டார வாரியத்தின் வேலை, தகுதியானவரைக் கடையும் மருத்துவமனையும் தாமதமின்றி அங்கே அனுப்புகின்றனவா என்று ஆண்டுதோறும் எண்ணிக்கை கேட்டு வாங்குவது.

எந்த விலைப்புள்ளியிலும் தென்படாத செலவு ஒன்று உண்டு. பதினாறு, பதினெட்டு வயதில் பிள்ளைகள் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுகிறார்கள். அதுவரை அம்மாதான் தேதி பார்த்து அழைத்து வருவார். இனி அவர்களே வர வேண்டும். வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது பெரியவர்கள் பிரிவில் சகஜம். கல்லூரிக்காக ஊர் மாறினால் வாரியமும் மாறும். யார் போன் செய்து கூப்பிடுவார், கோப்பு எங்கே போகும், எத்தனை வயது வரை இந்தக் கண்காணிப்பு என்பதற்குத் தனிப் பத்தி ஒன்றும், அந்த வேலைக்குப் பெயர் குறித்த ஓர் ஊழியரும் ஒப்பந்தத்தில் வேண்டும்.